'குழப்படி'க்குப் பெயரிட்ட வரலாறு

ஊரில் சொல்வழி கேளாத பிள்ளையைக் 'குழப்படிகாரன்' என்றோம். புலம்பெயர்ந்த நாட்டுப் பாடசாலையிலோ அவனுக்கு ஒரு கோப்புத் திறக்கப்படுகிறது. அதில் ஒரு நோயின் பெயரும் எழுதப்படலாம். அப்பெயரின் வரலாற்றை அறிந்துகொண்டு அந்தக் கூட்டத்துக்குப் போவது நல்லது.

1902இல் இலண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற வைத்தியர் நிகழ்த்திய விரிவுரைகளில் இருந்து தொடங்கலாம். அறிவில் குறைவற்ற, ஆனால் கட்டுக்கடங்காத கோபமும் வஞ்சமும் காட்டும் பிள்ளைகளை அவர் விவரித்தார். தண்டனையால் அவர்கள் திருந்தவில்லை என்பதையும் கவனித்தார். பிரம்பை நம்பிய காலத்தில் இது சிறிய விடயமல்ல. ஆயினும் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு' என்று பெயரிட்டு, காரணத்தைப் பிள்ளையின் உடலுக்குள்ளேயே தேடினார்.

ஜோன் போல்பி தேடலை வெளியே திருப்பினார். களவெடுத்த 44 சிறுவர் பற்றிய அவரது ஆய்வு 1944இல் வெளியானது. அவர்களுள் பாசமற்றவர்கள் என அவர் வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர் சிறுவயதில் தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். 1939இல் யுத்தத்துக்கு அஞ்சி இலண்டன் குழந்தைகளைத் தாயின்றி வெளியூர்களுக்கு அனுப்பியபோது, அதன் ஆபத்தை மருத்துவ இதழொன்றில் எச்சரித்த மூவரில் அவரும் ஒருவர். யுத்தத்தில் பிள்ளைகளைப் பிரிந்திருந்த நாம் இதை ஆறுதலாக வாசிக்க முடியாது.

அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் கதை வேறு. 1968ஆம் ஆண்டுப் பதிப்பில் வீட்டைவிட்டு ஓடுவதே ஒரு தனி நோய். (1851இல் தப்பியோடும் அடிமைகளுக்கும் கார்ட்ரைட் என்ற வைத்தியர் ஒரு நோயைக் கண்டுபிடித்திருந்தார்!) 1980இல் 'எதிர்ப்புக் கோளாறு' வந்தது. 1987இல் அப்பெயரோடு 'மீறல்' சேர்ந்தது; ஒன்பது அறிகுறிகளில் ஐந்து வேண்டும், தூஷணம் பேசுவது அவற்றில் ஒன்று. 1994இல் தூஷணம் நீக்கப்பட்டது. எட்டில் நான்கு போதும் என்றாயிற்று. ஏழு வருடம் நோய்க்குறியாக இருந்தது ஒரு குழுவின் தீர்மானத்தால் வெறும் கெட்ட பழக்கமாயிற்று.

இதனால் கோளாறே பொய் என்பாருடன் நான் உடன்படவில்லை. ஓயாத கோபத்தில் நண்பர்களை இழந்து, தானும் வதைபடும் பிள்ளைகள் உண்டு. பெற்றோருக்கு அளிக்கப்படும் பயிற்சி அவர்களுக்கு உதவுகிறது. 2013ஆம் ஆண்டுக் கையேடு ஆறு மாதக் கவனிப்பைக் கோருகிறது; சகோதரரோடு பிடிக்கும் சண்டையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக்கூடாது என்கிறது. நடத்தை வீட்டில் மட்டுமா, பாடசாலையிலுமா என்பதைக் கொண்டே கடுமையை அளக்கிறது. பண்பாட்டையும் கணக்கிலெடுக்கச் சொல்கிறது.

யாருடைய பண்பாட்டை? 'பெரியவர்களோடு வாதாடுவானா?' என்று வைத்தியர் கேட்கிறார். 'எதிர்த்துக் கதைப்பானா?' என்று அது தாயின் காதில் விழுகிறது. 'ஏன்?' என்று கேட்பதையே எதிர்த்துக் கதைப்பதாகக் கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் 'ஓம்' என்கிறாள். ஒரு அறிகுறி எண்ணப்படுகிறது. பல இடங்களில் இந்தக் கேள்வியை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்பவன் அந்தப் பிள்ளையேதான்.