உடலுக்கும் உள்ளத்துக்கும்: அபூ ஸைத் அல்-பல்கீ காட்டிய வழி

கி.பி. 850ஆம் ஆண்டளவில், இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரையடுத்த சிற்றூரில் பிறந்தவர் அபூ ஸைத் அல்-பல்கீ. புவியியல் அறிஞராகப் புகழ்பெற்ற இவர், பக்தாதில் அல்-கிந்தியிடம் பயின்றவர், 934இல் மறைந்தார். இவருடைய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூல், முதற்பகுதியில் உடல்நலத்தையும் இரண்டாம் பகுதியில் உள்ளநலத்தையும் பேசுகிறது. மனிதன் உடலும் உள்ளமும் இணைந்தவன். ஒன்று நோயுற்றால் மற்றொன்றும் வாடும் என்பது இவர் கொள்கை.

கோபம், அச்சம், கவலை, வீணான எண்ணச் சுழற்சி ஆகிய நான்கையும் அவர் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணம் தெரியாத கவலை வேறு என்று பிரித்தார். நோய்க்காலத்துக்கென மருந்தைச் சேமித்து வைப்பதுபோல, நலமாக இருக்கும்போதே நல்லெண்ணங்களை உள்ளத்தில் சேமித்து வைக்க வேண்டும் என்றார். பிறருடைய ஆறுதலும் அறிவுரையும் துணையாகும் என்றும் கூறினார்.

1940களில் தோன்றிய கீமோதெரபியை பல்கீ அறிந்திலர். ஆயினும் அவர் கருத்து அங்கும் பொருந்துகிறது. விரைந்து பெருகும் புற்றணுக்களைத் தாக்கும் அம்மருந்து, முடிவேர், வாயின் உட்புறம், குடல், இரத்த அணுக்கள் ஆகியவற்றையும் தாக்குகிறது. முடி உதிர்தல், வாய்ப்புண், குமட்டல், எளிதில் தொற்றும் கிருமிகள் ஆகியவற்றோடு, “என் ஈமான் குறைந்துவிட்டதோ?” என்ற ஐயமும் நோயாளியை வாட்டக்கூடும்.

அதற்கு நம் மார்க்க வரலாறே விடை தருகிறது. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி பதிவு செய்துள்ளது. நோயாளி நோன்பைத் தள்ளிவைக்க குர்ஆன் அனுமதிக்கிறது. தண்ணீர் தீங்கு தருமாயின் தயம்மும் உண்டு. இவை இறைவன் அளித்த சலுகைகள். இவற்றை ஏற்பதும் வணக்கமே. கண்ணீரும் பொறுமைக்கு எதிரானதன்று: மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களே அழுதார்கள்.

எனவே, நோயாளியின் குடும்பத்தார் “ஸப்ர் செய்” என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடலாகாது. அவர் அச்சத்தைச் சொல்ல இடங்கொடுங்கள். உண்ண முடிந்ததைக் கேட்டுச் சமையுங்கள். காய்ச்சல் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அருகமர்ந்து துஆ செய்யுங்கள். பல்கீ சொன்ன சேமிப்பு, நோயுற்றவருக்கு இப்போது உங்கள் வழியாகவே வந்துசேர வேண்டும்.