வெண்சட்டையும் தப்பொலியும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் வாய்மொழி. ஆடையைக் கொண்டே ஆளை மதிப்பிடும் உலகிலே, பிறர் தந்ததையன்றி வேறொன்றை உடுத்த வழியற்றிருந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள், படிக்கத் தொடங்கியபின் தம்மை எவ்வாறு வெளிப்படுத்தினர் என்பது வரலாறு கற்போர் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வியாகும். அதற்கு விடை தேடி, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் சேர்ந்த சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களுக்கு நேயர்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

மலைநாடு என்றதும் நுவரெலியாவின் குளிரும் தேயிலைச் சரிவுகளுமே நம் நினைவில் எழுகின்றன. சப்பிரகமுவவின் இயல்பு சற்று வேறு. பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளிலே தேயிலை உண்டு. தெரணியகலை, யட்டியாந்தோட்டைப் பகுதிகளிலோ இறப்பர் மரங்கள் மிகுதி. 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்திற்கு வந்துசேர்ந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இப்பள்ளத்தாக்குகளில் பரவின. மரங்கள் பெருகப் பெருகத் தென்னிந்தியத் தொழிலாளரும் பெருகினர். இங்கே தோட்டமும் சிங்களக் கிராமமும் அடுத்தடுத்து அமைந்தவை. லயத்துப் பிள்ளையும் கிராமத்துப் பிள்ளையும் ஒரே பாதையில் நடந்தனர். எனவே, யார் எதை உடுத்தியிருக்கிறார் என்பது நாள்தோறும் கண்ணிற் பட்டது.

தோட்டத் தொழிலாளியின் உடை அவனுடைய தொழிலையே பறைசாற்றிற்று. மழைக்கும் குளிருக்கும் கம்பளி. அதன் விலையும் அவன் பெயரிலே கடனாக எழுதப்பட்டது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இடுப்பிலே படங்குச் சாக்கு. பால்வெட்டுவோரின் துணியிலே இறப்பர்ப் பால் சிந்தி, காய்ந்து, கறுத்துக் கறையாயிற்று. எத்தனை முறை தோய்த்தாலும் அக்கறை போவதில்லை. பிள்ளைகளுக்குப் புதுத்துணி என்பது தீபாவளி முற்பணம் கிடைக்கும்போது வருவது. ஆண்டு முழுவதும் அதுவே நல்ல சட்டை. கிழியத் தொடங்கியபின் அதுவே வீட்டுச் சட்டை.

பள்ளிக்கூடமும் அவ்வாறே அரைகுறையாகத்தான் வந்தது. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்டத்துரையின் கடமையாக்கியது. ஆயினும் பெரும்பாலான இடங்களிலே கிடைத்தது ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையும், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்புமே. 1945 இல் நாட்டிலே இலவசக் கல்வி பிறந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை உரியவாறு பெறவில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து அவை படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தபின்னரே, லயத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டிச் செல்லும் பாதை அகலமாயிற்று.

இதிலே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதற்கு முன்னர்ப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பிரட்டுக்களத்திலே பெயர் கொடுத்துத் தொழிலாளியாயிற்று. குழந்தைப் பருவத்திற்கும் உழைப்பிற்கும் இடையே வேறொரு பருவம் அதற்கு இருக்கவில்லை. மேல்வகுப்பு மாணவர் என்ற நிலையே தோட்டத்திற்குப் புதிது. தலையை எவ்வாறு வாருவது, எதைப் பாடுவது, எதை வரைவது என்று எண்ணுவதற்கு ஓய்வு பெற்ற முதலாவது இளந்தலைமுறை அது.

அத்தலைமுறைக்குக் கிடைத்த உடை சீருடை. சீருடை பிள்ளைகளின் தனித்தன்மையை அடக்குகிறது என்று கூறுவோர் உளர். சீருடையின் தோற்றமும் அதற்கு ஏற்றதாகவே இருக்கிறது. இலண்டனிலே 1552 இல் தொடங்கப்பெற்ற கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் பாடசாலை, வறிய பிள்ளைகளுக்கு நீல அங்கி அளித்தது. தருமத்தால் உண்பவர் என்று காட்டிய அவ்வங்கி, நாளடைவிலே பெருமைக்குரிய சின்னமாக மாறிற்று. நமது தோட்டங்களில் நிகழ்ந்ததும் அத்தகையதொரு மாற்றமே. 1990களின் தொடக்கத்தில், ஜனாதிபதி பிரேமதாசாவின் ஆட்சிக்காலத்திலே, மாணவருக்குச் சீருடைத் துணி இலவசமாக வழங்கும் திட்டம் வந்தது. கறைபடிந்த துணியோடு வாழ்ந்த குடும்பத்திலே, ஒரு வெண்சட்டை கொடியிலே காய்வதன் பொருளை எண்ணிப் பாருங்கள். கிராமத்துப் பிள்ளை உடுத்த அதே வெள்ளையை லயத்துப் பிள்ளையும் உடுத்தது. 'நானும் உங்களுள் ஒருவன்' என்று அச்சட்டை பேசாமற் பேசிற்று.

அந்த வெள்ளைக்குள்ளேயும் பிள்ளைகள் தமக்கென ஓரிடம் கண்டனர். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டும் நாடாவின் முடிச்சு, கழுத்துப்பட்டியின் நீளம், கன்னத்தருகே வழியும் தலைமயிர், கொப்பி உறையில் ஒட்டிய நடிகரின் படம் எனச் சின்னஞ்சிறு உரிமைகளிலே இளமை தன்னைக் காட்டிற்று. ஆசிரியர் கண்டித்தார், பிள்ளைகள் மறுநாளும் அவ்வாறே வந்தனர்.

ஆனால், எல்லா அடையாளமும் விளையாட்டாக இருக்கவில்லை. 1977 இலும், மீண்டும் 1981 ஆகத்திலும் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதித் தமிழர் வன்செயலுக்கு ஆளாயினர். 1983 அத்துயரத்தை மேலும் பெருக்கிற்று. குடும்பங்கள் பல வவுனியாவையும் கிளிநொச்சியையும் நோக்கிப் பெயர்ந்தன. இத்தகைய நாட்களில், நெற்றிப் பொட்டை அழித்துவிட்டுப் பாதையில் இறங்கவேண்டிய நிலையும் பெண்களுக்கு ஏற்பட்டது. ஒரு சிறு குங்குமப் புள்ளி உயிருக்கு விலையாகக்கூடும் என்று கண்ட சமுதாயம், தன் கலையையும் சற்றே ஒளித்து வைத்ததில் வியப்பில்லை.

அக்கலைகளுள் தலையாயது காமன் கூத்து. மாசி மாதத்து வளர்பிறையிலே காமன் நட்டு, இரவுகள்தோறும் ஆடிப் பாடி, இறுதியிலே சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதையும் இரதி புலம்புவதையும் நடித்துக் காட்டுவர். இரதியின் வேடத்தை ஆண்களே புனைவர். அட்டையிலே கிரீடம் வெட்டி, மினுக்குத் தாள் ஒட்டி, வண்ணத் துணியிலே மடிப்பு வைத்து, முகத்திற்கு அரிதாரம் பூசுவார்கள். பகலிலே படங்கும் கம்பளியும் அணிந்த மக்கள் இரவிலே தேவர்களாயினர். ஓவியமும் உடையலங்காரமும் நடனமும் இசையும் ஒருங்கே பயிலும் பள்ளிக்கூடமாக அக்களம் இளைஞருக்கு விளங்கிற்று.

அக்கூத்தின் உயிர் தப்பு. விடியலிலே தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும், சாவு வீட்டிலே முழங்கியதும், காமனை ஆடவைத்ததும் அதுவே. ஆயின், தப்படிப்போரைச் சாதியின் பெயரால் தாழ்த்திய வழக்கத்தையும் நம் மக்கள் கடல் கடந்து கொண்டுவந்தனர். படித்த பிள்ளைகள் தப்பைத் தொட நாணினர். பாடசாலை மேடையிலும் பரதநாட்டியமும் கருநாடக இசையுமே உயர்ந்த கலைகளாக மதிக்கப்பட்டன. அவை உயர்ந்தவையே, ஐயமில்லை. ஆனால், தன் பாட்டன் ஆடியதைத் தன் கலையென்று கூற அஞ்சும் பிள்ளை, எந்தக் கலையாலும் தன்னை முழுமையாக வெளிப்படுத்த இயலாது.

இங்கே அயலவரிடம் நாம் கற்கவேண்டிய பாடமுண்டு. கண்டிய நடனம், கீழ்நாட்டு நடனம் என்பவற்றோடு சிங்களவரின் மூன்றாவது நடன மரபாகப் போற்றப்படுவது சப்பிரகமுவ நடனம். இரத்தினபுரிச் சமன் தேவாலயத்துப் பெரகராவிலே அதனைக் காணலாம். அதற்குரிய தவுல என்னும் இருமுகப் பறையை முழக்கியோரும் முன்னொரு காலத்திலே சாதியால் ஒதுக்கப்பட்டவரே. அக்கலை பாடசாலைக்குள் வந்தது, பாடமாயிற்று, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதனைக் கற்றனர். அதே மாகாணத்தின் மழையிலே நனைந்து வளர்ந்த தப்பும் காமன் கூத்தும் அந்த மதிப்பிற்கு உரியவை அல்லவா?

நிலைமை மாறி வருகிறது. தமிழ்த் தினப் போட்டி மேடைகளிலே நாட்டுக் கூத்திற்கும் வில்லுப்பாட்டிற்கும் இடம் உண்டு. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் பரீட்சைப் பாடங்களாகியுள்ளன. தென்னிந்தியத் தொழிலாளரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவை 2023 இல் நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபவனி சென்றனர். தம் முன்னோரின் வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை என்ற துணிவு அதிலே புலப்பட்டது. எனினும், அழகியற் பாட ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் இன்னும் உள்ளன. அங்கே ஒரு பிள்ளையின் கையிலுள்ள வண்ணத்தூரிகை, கற்பிப்பாரின்றியே காய்ந்துபோகிறது.

வெண்சட்டை அப்பிள்ளைகளுக்குச் சமத்துவத்தைத் தந்தது. எல்லாரையும் போன்றவர் நாம் என்று சொல்ல அது போதும். நாம் யார் என்று சொல்வதற்கோ அவர்தம் கூத்தும் தப்பும் வேண்டும். முன்னதை அரசாங்கம் துணியாக அளித்தது. பின்னதைப் பெற்றோரும் ஆசிரியரும், நாணமின்றி, தம் கையாலேயே எடுத்துக் கொடுக்கவேண்டும்.