முன்னிலையும் முடிவும்: மைசூருப் பகுதித் தேர்தல்களை முன்வைத்து

தேர்தல் முடிவு என்பது எண்ணப்பட்ட வாக்குகளின் கூட்டுத்தொகை மட்டுமன்று. அத்தொகையை அறிவிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 66ஆம் பிரிவு, அவ்வுரிமையைத் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு வழங்குகிறது. மக்களோ முடிவை ஊடகங்களின் வாயிலாகவே முதலில் அறிகின்றனர். ஊடகம் சொல்லும் நேரத்திற்கும் அலுவலர் சொல்லும் நேரத்திற்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தை மைசூருப் பகுதியின் தேர்தல்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மைசூரைத் தமிழாய்வாளர் பெரிதும் கல்வெட்டுப் படிகளின் ஊராகவே அறிவர். நடுவண் அரசின் கல்வெட்டுத் துறை அலுவலகம் 1966இல் உதகமண்டலத்திலிருந்து இந்நகருக்கு மாற்றப்பட்டமையே அதற்குக் காரணம். கல்வெட்டு என்றதும் நினைவுக்கு வரும் உத்தரமேரூர்ச் சாசனம் (கி.பி. 921) இங்கும் பொருந்துவதாகும். குடவோலை முறை வாக்களிப்பு அன்று, திருவுளச்சீட்டு முறையே. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிப் பெருமை பேசும் வழக்கம் இன்றும் நீங்கவில்லை. ஆயினும் அறிவிப்பைப் பற்றி அச்சாசனம் கூறும் நுட்பம் கருதத்தக்கது. ஏதும் அறியாத சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும். பின்னர் மண்டபத்திலிருந்த நம்பிமார் அனைவரும் அதனை வாசிக்க வேண்டும். அதன் பின்னரே பெயர் எழுதப்படும். விரைவைக் காட்டிலும் பலர் கண்டு உறுதி செய்வதே அங்கு முதன்மை பெற்றது. அகநானூற்று 77ஆம் பாடலில் பொறி கண்டு குழிசி திறக்கும் ஆவண மாக்கள் உவமையாக வருதலும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இன்றைய எண்ணிக்கையின் மெதுநடையும் இவ்வுறுதிப்பாட்டின் பொருட்டே அமைந்ததாகும். காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளும் 8.30 மணியளவில் இயந்திர வாக்குகளும் எண்ணத் தொடங்கப்பெறும். ஒரு சட்டமன்றத் தொகுதிக்குப் பொதுவாக 14 மேசைகள். ஆதலின் ஒரு சுற்றுக்கு 14 வாக்குச்சாவடிகள். ஏறத்தாழ 240 சாவடிகள் கொண்ட தொகுதிக்கு 17 அல்லது 18 சுற்றுகள் வேண்டும். ஒவ்வொரு சுற்றின் கணக்கையும் முகவர்கள் குறித்துக்கொள்ள, அலுவலர் சரிபார்த்து ஒப்பமிடுவார். முகவர் குறித்த எண் கைப்பேசி வழியே செய்தியாளரை அடைவதற்கு அவ்வொப்பம் தேவையில்லை. ஊடகக் கணக்கு முந்துவதன் காரணம் இதுவே.

சாவடிகள் வரிசை எண்ணின்படி எண்ணப்படுவதை ஊடகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. மூன்று சுற்று முடிந்த நிலையில் கிடைக்கும் முன்னிலை, தொகுதி முழுவதன் மாதிரி அன்று. அடுத்தடுத்துள்ள சில ஊர்களின் விருப்பம் மட்டுமே. மைசூரு நகரைச் சூழ்ந்து புறநகரும் சிற்றூரும் கலந்து கிடக்கும் சாமுண்டீசுவரி போன்ற தொகுதியில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. 2006 திசம்பரில் அத்தொகுதியில் நடைபெற்ற இடைத்தேர்தலில் காங்கிரசின் சித்தராமையா 257 வாக்குகளில் வென்றார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1997 வரை மைசூரு மாவட்டத்தோடு இணைந்திருந்த சாமராசநகர்ப் பகுதியின் சந்தேமரஹள்ளித் தொகுதியில் ஆர். துருவநாராயணா 40,752 வாக்குகளும் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி 40,751 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு ஒரே ஒரு வாக்கு. அத்தகைய தொகுதியில் 'முன்னிலை' என்னும் சொல்லுக்குப் பொருளே இல்லை எனலாம்.

2018ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இதற்குத் தலைசிறந்த சான்றாகும். 222 தொகுதிகளில் எண்ணிக்கை நடைபெற்றது. பெரும்பான்மைக்கு 112 இடங்கள் தேவை. முற்பகலிலேயே பாரதிய சனதாக் கட்சியின் முன்னிலை 112ஐக் கடந்ததாகத் தொலைக்காட்சிகள் காட்டின. தனிப்பெரும்பான்மை உறுதி என்னும் பேச்சும் கொண்டாட்டமும் தொடங்கின. பிற்பகலில் அவ்வெண் சரிந்து 104இல் நின்றது. காங்கிரசு 78, மதச்சார்பற்ற சனதா தளம் 37 இடங்களைப் பெற்றன. மைசூரு மாவட்டத்தின் 11 தொகுதிகளில் பா.ச.க. பெற்றவை 3, சனதா தளம் பெற்றவை 5. சாமுண்டீசுவரியில் முதலமைச்சர் சித்தராமையா 36,042 வாக்குகளில் ஜி.டி. தேவே கௌடாவிடம் தோற்றார். அவர் போட்டியிட்ட மற்றொரு தொகுதியான பாதாமியில் 1,696 வாக்குகளில் வென்றார். இம்முன்னிலைகளில் பொய் எதுவும் இல்லை. எண்ணி முடியாத ஒன்றை முடிந்ததாகக் காட்டியதே பிழை. காலையில் உருவான 'வென்ற கட்சி' என்னும் எண்ணத்திற்கும் மாலையில் கிடைத்த எண்களுக்கும் இடையே ஆட்சியமைக்கும் உரிமை குறித்த பூசல் எழுந்தது. மே 17 அதிகாலையில் உச்ச நீதிமன்றம் கூடி அதனைக் கேட்டது. அன்று பதவியேற்ற எடியூரப்பா 19ஆம் நாள் விலகினார்.

இதனைக் கொண்டு ஊடகக் கணக்கே தீது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. அமெரிக்காவில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1848 முதல் வாக்குகளைத் தொகுத்து வருகிறது. நாடு முழுமைக்கும் ஒரே தேர்தல் ஆணையம் அங்கு இல்லாமையால் அவ்விடத்தை அந்நிறுவனமே நிரப்புகிறது. 1986இல் பிலிப்பைன்சில் அரசுத் தேர்தல் ஆணையத்தின் கணிப்பொறிப் பணியாளர்கள் எண்களில் முறைகேடு உள்ளதெனக் கூறி வெளியேறினர். அங்குக் குடிமக்கள் அமைப்பான நாம்ஃப்ரெல் நடத்திய தனிக் கணக்கே அக்கினோவின் முன்னிலையை உலகறியச் செய்தது.

இந்தியாவில் அத்தகைய சூழல் 1977 மார்ச்சில் தோன்றியது. நெருக்கடிநிலைக் காலத்து அகில இந்திய வானொலி அரசின் கையில் இருந்தது. வடமாநிலங்களின் தோல்விச் செய்திகள் அதில் மெதுவாகவே வெளிவந்தன. தில்லியில் மக்கள் பத்திரிகை அலுவலகங்களின் வாயிலில் வைக்கப்பட்ட முடிவுப் பலகைகளை நோக்கித் திரண்டனர். ரேபரேலியில் இந்திரா காந்தி 55,000க்கும் மேற்பட்ட வாக்குகளில் ராஜ் நாராயணிடம் தோற்றிருந்தார். கருநாடகத்து நேயர் நிலை வேறு. இம்மாநிலத்தின் 28 மக்களவைத் தொகுதிகளில் 26ஐக் காங்கிரசே வென்றது. எனவே தம்மைச் சுற்றி நிகழ்ந்தவற்றோடு வானொலிச் செய்தி ஒத்திருந்த நிலையில், அதில் விடுபட்டதை அவர்கள் ஐயுறக் காரணம் குறைவு. மார்ச் 21இல் நெருக்கடிநிலை விலக்கப்பட்டது. அப்போது குடியரசுத் தலைவர் பொறுப்பில் இருந்தவர் பழைய மைசூர் மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் பி.டி. ஜத்தி.