லாரிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

2014-ம் வருடம் ஜூன் 7. நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகப்போகிறது. அமெரிக்காவில் நியூஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ரோடு வேலை நடந்துகொண்டிருந்ததால் வண்டிகளெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. அதில் ஒரு வேனில் டிரேசி மார்கன். டெலிவிஷனில் கொடிகட்டிப் பறந்த காமெடி நடிகர். டெலாவேரில் ஒரு ஷோவை முடித்துவிட்டு நண்பர்களோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து வந்தது வால்மார்ட் கம்பெனியின் ராட்சத டிரெய்லர் லாரி. இடித்த வேகத்தில் வேன் கவிழ்ந்தது. கூட வந்த ஜேம்ஸ் மெக்நேர் என்கிற காமெடியன் இறந்துபோனார். மார்கன் பல நாள் நினைவில்லாமல் கிடந்தார்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரணையில் இறங்கியது. 45 மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் லாரி 65 மைல் வேகத்தில் வந்திருக்கிறது. அது பாதிக் கதை. மீதிக் கதை, அந்த டிரைவர் தூங்கி 28 மணி நேரம் ஆகியிருந்தது. மனிதருக்கு வீடு ஜார்ஜியாவில். லாரி எடுக்கவேண்டிய இடம் டெலாவேரில். நடுவே சுமார் 800 மைல். ராத்திரியோடு ராத்திரியாகச் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, இறங்கி, அப்படியே லாரியில் ஏறிவிட்டார்.

சரி, அவருடைய டூட்டிக் கணக்கு என்ன சொன்னது? வேலைக்கு வந்த 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும் என்பது சட்டம். மோதிய சமயத்தில் சுமார் பதின்மூன்றரை மணி ஆகியிருந்தது. ஸ்டியரிங் பிடித்த நேரம் 11 மணியைத் தாண்டக்கூடாது. தாண்டவில்லை. கணக்கு கச்சிதம்! காரில் வந்த 800 மைலுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

ஒரு லாரி டிரைவர் களைத்திருக்கிறாரா, இல்லையா? பார்க்கப்போனால் எளிய கேள்வி. இதற்குப் பதில் தேடி அமெரிக்க அரசாங்கம் எண்பது வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டியிருக்கிறது. முதலில் பேப்பர். பிறகு சாட்டிலைட். அப்புறம் என்ஜினுக்குள்ளேயே வயரைச் சொருகிய ஒரு பெட்டி.

ஆரம்பம் 1935. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த காலம். வேலை போனவர்கள் பலர் கடனோ உடனோ வாங்கி ஒரு லாரியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். அவன் பத்து டாலர் கேட்டால் இவன் எட்டுக்கு வரத் தயார். கட்டுப்படியாகாத வாடகையைத் தூக்கத்தில் ஈடுகட்டினார்கள். ராப்பகலாக ஓட்டினார்கள். ரயில்வே கம்பெனிகளோ தங்கள் சரக்கெல்லாம் லாரிக்குப் போகிறதே என்று அலறின.

அந்த வருடம் ஆகஸ்ட் 9-ம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் லாரிப் போக்குவரத்துச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ரயில்வே முதலாளிகளை அடக்குவதற்காக 1887-ல் உண்டாக்கப்பட்ட மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகக் கமிஷனிடம் லாரிகளும் ஒப்படைக்கப்பட்டன. எந்த ரூட், என்ன வாடகை, எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எல்லாம் கமிஷன் இஷ்டம். தொழிற்சங்கங்கள் எட்டு மணி நேரம் கேட்டன. கமிஷன் பத்து என்றது. பத்து மணி ஓட்டு, எட்டு மணி ஓய்வெடு. வாரத்துக்கு மொத்தம் 60 மணி.

1938-ல் இன்னொன்று நடந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் சம்பந்தமில்லாத விஷயம். ஆனால் நம் கதையின் வில்லன் அதுதான். தொழிலாளர்களுக்குக் கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் என்று புதுச் சட்டம் வந்தது அல்லவா? அதிலிருந்து லாரி டிரைவர்களைக் கழற்றி விட்டுவிட்டார்கள். ‘உங்கள் நேரத்தைத்தான் கமிஷன் பார்த்துக்கொள்கிறதே, இது வேறு எதற்கு?’ என்பது வாதம். நெடுந்தூர லாரிகளில் மைலுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற வழக்கம் வேரூன்றிப் போனது. சக்கரம் சுற்றினால் காசு. நின்றால் பூஜ்யம்.

இந்தப் பத்து மணி நேரத்தை யார் போய் எண்ணுவது? அதிகாரிகள் ஒரு தாளை அச்சடித்தார்கள். இருபத்து நாலு மணி நேரத்துக்கும் கட்டம். நான்கு வரிசைக் கோடுகள். ஓய்வு, வண்டிக்குள் படுக்கை, ஓட்டுதல், ஓட்டாமல் செய்யும் வேலை. எந்த நேரத்தில் எதில் இருந்தோம் என்று டிரைவரே பேனாவால் கோடு இழுத்துக்கொண்டு வரவேண்டும்.

டிரைவரே! கவனியுங்கள். மைலுக்குக் கூலி வாங்குகிறவனிடம் பேனாவைக் கொடுத்து, ‘நீ எவ்வளவு குறைவாக ஓட்டினாய் என்று நீயே எழுது’ என்றால் என்ன ஆகும்? அதுவேதான் ஆயிற்று. எழுநூறு மைல் ஓட்டியவர் நானூறை இன்றைக்கும் முந்நூறை நாளைக்கும் எழுதினார். சிலர் இரண்டு நோட்டு வைத்துக்கொண்டார்கள், போலீஸுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. டிரைவர்களே இந்த நோட்டுக்கு வைத்த பட்டப்பெயர், காமிக்ஸ் புத்தகம்.

1962-ல் விதியைத் திருத்தினார்கள். பத்து மணி ஓட்டி, எட்டு மணி ஓய்வெடுத்துவிட்டால் உடனே அடுத்த பத்து மணியை ஆரம்பிக்கலாம். அதாவது, ஊருக்கெல்லாம் ஒரு நாள் என்பது 24 மணி நேரம். அமெரிக்க லாரி டிரைவருக்கு மட்டும் 18. சூரியன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். இந்த விதி நாற்பது வருடம் ஓடியது என்பதை நம்புவதற்கே கஷ்டமாக இருக்கிறது.

1980-ல் ஜிம்மி கார்ட்டர் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். யார் வேண்டுமானாலும் லாரித் தொழிலுக்கு வரலாம், வாடகையை அவரவரே தீர்மானிக்கலாம். வந்தார்கள். புற்றீசல் மாதிரி வந்தார்கள். வாடகை சரிந்தது. 1935-க்கு முந்தைய போட்டி மறுபடி தலையெடுத்தது.

கூடவே ஒரு கூத்தும் வெளிச்சத்துக்கு வந்தது. டிரைவர்கள் பையில் கத்தை கத்தையாக லைசென்ஸ் வைத்திருந்தார்கள். ஒரு மாநிலத்தில் வேகமாகப் போய் மாட்டினால் டெக்ஸாஸ் லைசென்ஸ். இன்னொரு மாநிலத்தில் மாட்டினால் ஒஹையோ லைசென்ஸ். குற்றங்களை இப்படிப் பங்கு பிரித்துப் போட்டுவிட்டால் எந்த மாநிலத்துக் கணக்கிலும் ஆள் உத்தமர்தான். போதாக்குறைக்கு 18 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் கார் லைசென்ஸே போதும், டிரெய்லர் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

1986-ல் ரீகன் இதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். கனரக வாகனத்துக்கென்று தனி லைசென்ஸ். ஓர் ஆளுக்கு ஒன்றே ஒன்று. 1992 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் மாறியாக வேண்டும். இதைச் சாதித்தது கம்ப்யூட்டர். ஐம்பது மாநிலங்களின் விவரங்களையும் ஒரே இடத்தில் கொட்டி வைக்கவில்லை என்பதுதான் இதில் புத்திசாலித்தனம். மையக் கம்ப்யூட்டரில் இருந்தது வெறும் அட்டவணை. இன்னார், பிறந்த தேதி இது, இவர் ஜாதகம் இந்த மாநிலத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். கேட்கிற மாநிலத்தை அது சம்பந்தப்பட்ட மாநிலத்துக்குக் கைகாட்டிவிடும். இரண்டாவது லைசென்ஸ் கேட்டு வருகிறவர் கவுன்டரிலேயே மாட்டிக்கொள்வார்.

அருமையான ஏற்பாடு. வந்த தகவலை யாராவது பார்க்கிறவரைக்கும். 2019 ஜூனில் நியூஹாம்ப்ஷயரில் டிரெய்லர் இழுத்து வந்த ஒரு பிக்கப் வண்டியும் மோட்டார் சைக்கிள் கூட்டமும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டி வந்தவரை சில வாரங்களுக்கு முன்பு கனெக்டிகட் மாநிலத்தில் போதையில் ஓட்டியதாகக் கைது செய்திருக்கிறார்கள். கனெக்டிகட் தகவல் அனுப்பியது. லைசென்ஸ் கொடுத்த மாசசூசெட்ஸ் மாநிலம் அதன் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. தோண்டிப் பார்த்தால், வெளி மாநிலங்களிலிருந்து வந்த நோட்டீஸ்கள் பிரிக்காமல் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. இலாகாவின் தலைவர் ராஜினாமா செய்தார். அவசர அவசரமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் லைசென்ஸை முடக்கினார்கள். (விபத்து வழக்கில் அந்த டிரைவரை 2022-ல் ஜூரி விடுதலை செய்துவிட்டது. யார் மேல் தவறு என்பது வேறு விஷயம். அன்றைக்கு அவர் கையில் லைசென்ஸ் இருந்திருக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.)

மறுபடி நோட்டுக்கு வருவோம்.

ஐரோப்பாக்காரர்கள் பேனாவை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். டாக்கோகிராஃப் என்றொரு கருவி. வட்டமான அட்டை, சுற்றிக்கொண்டே வேகத்தையும் நேரத்தையும் கீறிக்கொண்டு போகும். பிரிட்டிஷ் டிரைவர்கள் அதை ‘கேபினுக்குள் ஒரு உளவாளி’ என்று திட்டினார்கள். பிரிட்டன் முரண்டு பிடித்து, 1979-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்ற பிறகே வழிக்கு வந்தது. 2006-லிருந்து புது லாரிகளில் டிஜிட்டல். அதையும் காந்தம் வைத்து ஏமாற்றப் பார்த்த மகானுபாவர்கள் உண்டு.

அமெரிக்காவுக்கு எந்திரம் வேறு வாசல் வழியாக வந்தது. 1988-ல் சான் டியேகோவின் குவால்காம் என்கிற சின்னக் கம்பெனி, லாரியின் தலையில் ஒரு ஆன்டெனாவைக் கட்டி, சாட்டிலைட் மூலம் வண்டி எங்கே இருக்கிறது என்று ஆபீஸிலிருந்தே பார்க்கவும் டிரைவருக்குச் செய்தி அனுப்பவும் வழி செய்தது. முதல் பெரிய வாடிக்கையாளர், விஸ்கான்சினின் ஷ்னைடர் லாரிக் கம்பெனி. நம்மூரில் ஒரு காலத்தில் கையில் வைத்துக்கொண்டு திரிந்தோமே, சிடிஎம்ஏ போன்? அந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுக்க குவால்காமுக்குக் கை கொடுத்தது இந்த லாரிக் காசுதான்.

ஆக, எந்த லாரி எங்கே நிற்கிறது என்று பெரிய முதலாளிக்குத் தெரியும். ஆனால் அரசாங்கத்துக்குக் காட்டுவதற்கு மட்டும் பேப்பர் நோட்டு! எண்பதுகளிலேயே சாலைப் பாதுகாப்புக்காரர்கள் கருவியைக் கட்டாயமாக்கச் சொல்லிக் கேட்டார்கள். ‘விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளலாம்’ என்று 1988-ல் பதில் வந்தது. விரும்பி யார் வைப்பார்கள்?

லாரிப் பாதுகாப்புக்கென்றே 2000-ல் தனி அமைப்பு உருவானது. 2004-ல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட் அதன் வேலை நேர விதிகளை ரத்து செய்தபோது, மின்னணுக் கருவியைப் பற்றி உருப்படியாக ஆராயக்கூட இல்லையே என்று ஒரு குட்டும் வைத்தது. 2010-ல் விதிகளை அதிகம் மீறும் கம்பெனிகளுக்கு மட்டும் கருவி கட்டாயம் என்றார்கள். அதற்கும் கேஸ். சொந்த லாரி வைத்து ஓட்டுகிற சின்ன ஆட்களின் சங்கம், சிகாகோ அப்பீல் கோர்ட்டில் கேட்ட கேள்வி நியாயமானது. நான் அசந்து தூங்கும்போது, ‘உனக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்கு, எழுந்து ஓட்டு’ என்று முதலாளி அந்தப் பெட்டி வழியாகவே பீப் அடித்து எழுப்பினால்? 2011-ல் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது.

2012-ல் நாடாளுமன்றமே எல்லோருக்கும் கட்டாயம் என்று சட்டம் போட்டது. 2015 டிசம்பரில் இறுதி விதி. தூங்கும் நேரத்தில் பெட்டியின் வாயைக் கட்டும் வசதி இருக்கவேண்டும் என்றும் சேர்த்தார்கள். 2017 டிசம்பர் 18 முதல் அமல். பெட்டி நேராக என்ஜினிலிருந்தே செய்தி வாங்கும். வண்டி மணிக்கு 5 மைலைத் தாண்டினால் ‘ஓட்டுகிறார்’ என்று தானே பதிந்துகொள்ளும். பேனாவுக்கு வேலை இல்லை. வருடத்துக்கு 26 உயிர்களை இது காப்பாற்றும் என்று இலாகா கணக்குச் சொன்னது.

விதிமீறல் சரசரவென்று குறைந்தது. விபத்து?

ஆராய்ச்சியாளர்கள் போலீஸ் சோதனைப் பதிவுகளையும் விபத்துப் பதிவுகளையும் அலசிப் பார்த்தார்கள். விபத்துகள் குறைந்ததற்கான அறிகுறியே தென்படவில்லை. ஆனால் ஒன்று கூடியிருந்தது, வேகம். முக்கியமாகச் சின்னக் கம்பெனிகளின் லாரிகளில். காரணம் புரிந்துகொள்ள ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். முன்பு நேரம் போதவில்லை என்றால் நோட்டில் பொய் எழுதலாம். இப்போது அது முடியாது, ஆக்ஸிலரேட்டரை மிதித்துத்தான் ஆகவேண்டும். பெரிய லாரிகள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 2017-ல் செத்தவர்கள் 4,900 பேர் சுமார். 2022-ல் 5,900-க்கும் மேல். நடுவில் கொரோனா, காலி ரோடு என்று ஆயிரம் காரணங்கள் உண்டு. பெட்டியின் மேல் பழி போட முடியாது. அதேசமயம் அதற்கு மாலை போடவும் முடியாது.

நேரம் ஏன் போதவில்லை? கிடங்கு வாசலில் போய்ப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருப்பார்கள். லாரி ஏழே முக்காலுக்கே வந்து நிற்கும். சரக்கை இறக்க ஆள் வர மத்தியானம் ஆகும். பெட்டியில் ஓடுகிற அந்த 14 மணி நேரக் கடிகாரம் டிரைவருக்காக நிற்காது. மைலுக்குக் கூலி என்பதால் நின்ற நேரத்துக்குப் பெரும்பாலும் காசும் கிடையாது. விட்டதைப் பிடிக்கவேண்டிய இடம், ரோடு. அமெரிக்கப் போக்குவரத்து இலாகாவின் தணிக்கை அதிகாரிகள் 2018-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். கிடங்கில் நிற்கிற சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவிகிதம் கூடும் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். பதினைந்தே நிமிடம்!

1938-ல் பறிபோன ஒன்றரை மடங்குச் சம்பளத்தை டிரைவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. 2023-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். அப்போதும் இல்லை.

பேப்பர் நோட்டில் இருந்த அதே நான்கு வரிசைகள்தான் இந்தப் பெட்டியின் திரையிலும் இருக்கின்றன. ஓய்வு, படுக்கை, ஓட்டுதல், ஓட்டாமல் செய்யும் வேலை. கிடங்கு வாசலில் நாலு மணி நேரம் காத்துக்கிடக்கிற டிரைவர், அதைக் கடைசி வரிசையில் போடுவதா, ஓய்வில் போடுவதா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.