ராப் பாட்டும் எங்க மாமாவும்

போன மாசம் பாகலூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு கார்ல ஓசூர் திரும்பிகிட்டு இருந்தோம். ஓட்டுனது நான். பக்கத்து சீட்ல மாமா. பின்னாடி மாமா பையன். பாட்டு போடுற அதிகாரம் முழுக்க பின் சீட்டுக்கு. வரிசையா ராப். மூணு பாட்டு வரைக்கும் பொறுமையா இருந்த மாமா நாலாவதுல வெடிச்சிட்டார்.

"ஏன் மாப்ளே, இவன் எப்பதான் பாட ஆரம்பிப்பான்? வந்ததுல இருந்து பேசிகிட்டே இருக்கானே?"

பின்னாடி இருந்து "அப்பா, இதுதாம்பா பாட்டு"ன்னு ஒரு சலிப்பு.

"இது அமெரிக்காக்காரன் சரக்குடா. சினிமாக்காரன் தூக்கிட்டு வந்து நம்ம தலையில கட்டிட்டான். அவ்ளோதான்."

மாமா இருபத்தஞ்சு வருஷமா சிப்காட்ல ஷிப்ட் பாக்குற மனுஷர். நாள் பூரா பிரஸ் மெஷின் 'டம் டம்'முனு அடிக்கிற இடத்துல நிக்கிறவருக்கு பீட் பிடிக்கலைன்னா நியாயம்தான் :-) ஆனா அவர் சொன்ன அந்த ரெண்டு வரி எனக்கு வீடு வந்து சேர்ந்தும் உறுத்திகிட்டே இருந்துச்சு. ரெண்டுமே பாதி சரி, பாதி தப்பு. அந்தப் பாதிக் கணக்கைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல அமெரிக்கா. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்ல பிராங்க்ஸ் பகுதி. ஜமைக்காவுல இருந்து குடிவந்த குடும்பத்துப் பையன் ஒருத்தன், தங்கச்சி வச்ச பார்ட்டியில பாட்டு போடுறான். பேரு டிஜே கூல் ஹெர்க். பாட்டுல ட்ரம்ஸ் மட்டும் வர்ற அந்தச் சின்ன இடம் வந்தா கூட்டம் எகிறி ஆடுதுன்னு கவனிச்சு, ரெண்டு ரெக்கார்டு பிளேயர்ல ஒரே ரெக்கார்டை வச்சு, அந்த இடத்தை மட்டும் மாத்தி மாத்தி ஓட்டுறான். ஆட்டம் நிக்கவே இல்ல. அதுக்கு மேல மைக்ல பேச ஆரம்பிச்சதுதான் ராப். வேலை போய், எரிஞ்சு போன கட்டடங்களுக்கு நடுவுல இருந்த ஏழை கறுப்பின, லத்தீன் பிள்ளைங்களோட கண்டுபிடிப்பு இது. வாத்தியம் வாங்கக் காசு இல்ல, அதனால ரெக்கார்டு பிளேயரே வாத்தியம்.

1979ல 'ராப்பர்ஸ் டிலைட்' வந்து டாப் 40க்குள்ள போச்சு. 1982ல 'தி மெசேஜ்' தெருவோட நெலமையை அப்படியே சொல்லிச்சு. 1986ல ரன்-டிஎம்சி ஒரு ராக் குழுவோட சேர்ந்து 'வாக் திஸ் வே' பண்ணி வெள்ளைக்கார வீடுகளுக்குள்ள நுழைஞ்சாங்க. 1988ல எம்டிவியில ராப்புக்குன்னே தனி நிகழ்ச்சி. ஆனாலும் பெரிய பத்திரிகைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இது 'கொஞ்ச நாள்ல போயிடும்' வகை சமாச்சாரம்தான். பில்போர்டு பாட்டுப் பட்டியல்ல முதலிடம் பிடிச்ச முதல் ஹிப்-ஹாப் பாட்டு 1990ல 'ஐஸ் ஐஸ் பேபி'. பாடினது வெனில்லா ஐஸ்னு ஒரு வெள்ளைக்காரர். பாருங்க, உழைச்சது ஒருத்தன், மாலை இன்னொருத்தனுக்கு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி திரும்ப வரும்.

இப்பதான் என் மாதிரி பொட்டி தட்டுறவனுக்குப் பிடிச்ச மேட்டர். அதுவரைக்கும் பில்போர்டு எப்படி கணக்கு எடுத்துச்சு தெரியுமா? கடைகளுக்கு போன் போட்டு "இந்த வாரம் எது நல்லா போகுது?"ன்னு கேப்பாங்க. கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். கம்பெனி ஆளு காதுல ஓதினதையும் சேர்த்துச் சொல்வார். 1991 மே மாசம் ஆல்பம் பட்டியலுக்கு சவுண்ட்ஸ்கேன்னு ஒரு முறை வந்துச்சு. கல்லாவுல பார்கோடு 'பீப்' அடிச்சா அது நேரா கணக்குல ஏறும். அடுத்த மாசமே என்.டபிள்யூ.ஏ-ன்னு கலிபோர்னியா ராப் குழுவோட ஆல்பம் முதலிடத்துக்கு வந்து உட்கார்ந்துச்சு! ரேடியோவுல பெருசா போடாத குழு அது. அந்த வருஷக் கடைசியில பாட்டுப் பட்டியலும் புது முறைக்கு மாறிச்சு.

மக்கள் ரசனை ஒரே மாசத்துல மாறிடுச்சா? இல்லீங்க. ஜனம் ஏற்கெனவே வாங்கிகிட்டுதான் இருந்திருக்கு. எண்ணுறவங்க எண்ணல, அவ்ளோதான். டேட்டா சரியா இருக்கு, ரிப்போர்ட்ல பிழை. ஆபீஸ்ல தினமும் பாக்குறோமே!

2015ல லண்டன் ஆராய்ச்சியாளர்கள் சிலர் 1960ல இருந்து 2010 வரைக்குமான பில்போர்டு பாட்டுகளை கம்ப்யூட்டர்ல போட்டு அலசினாங்க. அமெரிக்கப் பாட்டுல மூணு பெரிய திருப்பம்: 1964, 1983, 1991. அதுல ரொம்பப் பெருசு 1991, காரணம் ராப்னு சொன்னாங்க. சரிதான், ஆனா கணக்கு முறை மாறினதும் அதே வருஷம்ங்கிறதை மறந்துடக் கூடாது. அப்புறம் இணையத்துல பாட்டு கேக்குறதும் கணக்குல ஏறினப்ப, 2017ல ராக்கை முந்தி ஹிப்-ஹாப்பும் ஆர் அண்ட் பியும் சேர்ந்த வகை அமெரிக்காவுல அதிகம் கேக்கப்படுறதா ஆச்சு. அடுத்த வருஷம் கென்ட்ரிக் லமாருக்கு புலிட்சர் பரிசு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நமக்கு அப்ப பில்போர்டு கிடையாது. சினிமாதான் பில்போர்டு. சினிமாவுல வந்தா பாட்டு, வரலைன்னா இரைச்சல்.

1994ல 'காதலன்' படத்துல 'பேட்டை ராப்'. இசை ஏ.ஆர்.ரஹ்மான். அந்தப் பாட்டுன்னு சொன்னதும் உங்களுக்கு யாரு ஞாபகம் வர்றாங்க? பிரபுதேவா, வடிவேலு. பாடினது யாருன்னு கேட்டா பாதிப் பேரு முழிப்போம். சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது, தேனி குஞ்சரம்மாள். அதுலயும் குஞ்சரம்மாள் நாட்டுப்புறப் பாட்டுக்காரம்மா. அமெரிக்க பாணியில வந்ததா நாம நெனச்ச பாட்டுக்குள்ள சென்னைச் சேரிகளோட கானாவும் தெக்கத்தி கிராமத்துக் குரலும் உட்கார்ந்திருக்கு. ஆனா சினிமாக்கு அது ஒரு ஜாலி பாட்டு. படம் ஓடிச்சு, பாட்டு ஓடிச்சு, 'ராப் பாடகர்'னு ஒரு ஆளு உருவாகல.

அந்த ஆளு கடல் தாண்டிதான் வந்தார். மலேசியாவுல ரப்பர் தோட்டங்கள் கை மாறி, துண்டாகி, தமிழ்க் குடும்பங்கள் நகரத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்தாங்க. அந்த நகரத்துத் தலைமுறையோட குரல் யோகி பி. 90கள்ல பொயட்டிக் அம்மோன்னு பல மொழி பேசுற குழுவுல இருந்தவர், 2006ல நட்சத்ரா குழுவோட 'வல்லவன்' ஆல்பம் போட்டார். அதுல 'மடை திறந்து'. 1980ல 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டை எடுத்து அதுக்கு மேல தமிழ்ல ராப். கூல் ஹெர்க் பண்ண அதே வேலைதான்: அப்பா வீட்டு ரெக்கார்டை எடுத்து மகன் தன் கதையைச் சொல்றது. 2007ல 'பொல்லாதவன்' படத்துக்கு அவரையே கூப்பிட்டாங்க. அதே சமயம் இலங்கையில இருந்து கிரிஷான் மகேசன் மாதிரி ஆளுங்களும் தமிழ்ல ராப் பண்ணிகிட்டு இருந்தாங்க.

'மடை திறந்து' எனக்கு வந்து சேர்ந்த வழி கொஞ்சம் கொசுவத்தி சுத்துற மேட்டர். அப்ப நாலாவதோ அஞ்சாவதோ படிச்சேன். பெங்களூர்லதான் 2001ல இந்தியாவோட முதல் தனியார் எஃப்எம் வந்துச்சு. எங்க வீட்டு மொட்டை மாடியில பெங்களூர் எஃப்எம் எல்லாம் கிடைக்கும், ஆனா தமிழ் ராப் எங்க வரப் போகுது? ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடைகள்ல மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுப்பாங்களே, அங்கேதான் எங்க அண்ணன் புடிச்சிட்டு வந்தான். சினிமாப் பாட்டு, சாமி பாட்டு நடுவுல இது. யாரு பாடினதுன்னு கடைக்காரருக்கும் தெரியாது. ஃபைல் பேரு 'புது குத்து 14'. ஊரே கேட்டுச்சு, எந்தக் கணக்குலயும் ஏறல.

நம்ம சவுண்ட்ஸ்கேன் யூடியூப்தான். 2011ல கோயம்புத்தூர்க்காரர் ஆதி ரேடியோவுக்குப் பாடின 'கிளப்புல மப்புல' யூடியூப்ல பரவிச்சு. (அதுல பொண்ணுங்களுக்குப் பண்ற அட்வைஸ் எனக்கு அன்னைக்கே பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல. ஆனா பரவிச்சு.) 2012ல 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம். 2015ல 'ஆம்பள'யில ஹிப்ஹாப் தமிழாவே இசையமைப்பாளர். சினிமாவைக் கெஞ்சாம வெளிய ஜெயிச்சு, அப்புறம் சினிமாவுக்குள்ள போனாங்க. இந்த வரிசைதான் புதுசு. 2017 ஜல்லிக்கட்டு போராட்டத்தப்போ அவங்களோட 'டக்கரு டக்கரு' எல்லா எடத்துலயும் கேட்டுச்சு. எருது விடும் ஊர்க்காரங்க நாங்க, சும்மா இருப்போமா?

பெங்களூர் பக்கமும் சும்மா இல்ல. ப்ரோதா வி, ஸ்மோக்கி தி கோஸ்ட் எல்லாம் சேர்ந்து வச்சிருந்த குழுவோட பேரு மச்சாஸ் வித் ஆட்டிட்யூட். மேல சொன்ன என்.டபிள்யூ.ஏ பேருல விளையாடி இருக்காங்க. அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு ரெண்டு பக்கமும் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருதுன்னு எந்த மொழியில பேசினாலும் 'மச்சா' மட்டும் பொது. 2024ல பெங்களூர்ல ராப்பரா மேல வந்த ஹனுமான்கைண்டோட 'பிக் டாக்ஸ்' பில்போர்டு பட்டியல்லயே 23வது இடம் வரைக்கும் போச்சு. மலையாளி, பாட்டு இங்கிலீஷ், வீடியோவுல நம்ம திருவிழா மரணக் கிணறு!

இப்ப உடனே "ராப்பைக் கண்டுபிடிச்சதே தமிழன்தான்"னு யாரும் கிளம்பிடாதீங்க. இல்ல. தமிழ்ச் செய்யுளுக்கு எதுகையும் மோனையும்தான் உசுரு, ரெண்டுமே வரி ஆரம்பத்துல விழும். ராப்போட உசுரு வரிக் கடைசியில, நம்ம இலக்கணத்துல இயைபு. நம்மகிட்ட அது இருந்துச்சு, ஆனா முன் சீட் குடுக்கல. நல்ல தமிழ் ராப்பர் ரெண்டு முனையையும் கட்டுறான். அது தனி வித்தை.

ஆனா நம்மகிட்ட இருந்தது என்னன்னா, எண்ணப்படாத பாட்டுக்காரங்க. 2018 ஜனவரியில சென்னையில தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறிச்சு. பா.ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த குழு. சாவு வீட்டுல பாடுறதுன்னு ஒதுக்கி வச்ச கானாவும் ராப்பும் ஒரே மேடையில. அந்தக் குழுவுல வந்தவர்தான் அரக்கோணத்துக்காரர் அறிவு. என்னை மாதிரியே எஞ்சினியரிங் படிச்சவர் (ஒற்றுமை அதோட முடிஞ்சிடுச்சு). 2021 மார்ச்ல 'எஞ்சாய் எஞ்சாமி', சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, தீயும் அறிவும் பாடினது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சிட்டுத் திரும்பின தன் பாட்டி வள்ளியம்மாளோட கதையில இருந்து அறிவு எழுதினது. சினிமாவே இல்லாம உலகம் முழுக்கப் போச்சு.

கணக்குல ஏறியாச்சு, இனி பிரச்சனை இல்லைன்னு நெனைப்போம். 2021 ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில தீயும் கனடாவுல இருக்குற ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க, அறிவு இல்ல. ரஞ்சித் வெளிப்படையாக் கேட்டார், அப்புறம் அறிவுக்கு தனி அட்டை வந்துச்சு. 2022 ஜூலையில செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல அதே பாட்டு, அறிவு மேடையில இல்ல. தான் எழுதி, இசை அமைச்சு, பாடின பாட்டுன்னு அறிவு சொன்னார். அவருக்குரிய பெருமையை எப்பவும் குடுத்துதான் வந்திருக்கோம்னு தீயும் சந்தோஷ் நாராயணனும் சொன்னாங்க. 2024ல சந்தோஷ் நாராயணனே அந்தப் பாட்டால வருமானம் எதுவும் வந்து சேரலைன்னு சொன்னார். யாரு எவ்வளவு சரிங்கிறதுக்கு நான் நீதிபதி இல்ல. ஆனா எத்தனை கோடி பேரு பாத்தாங்கன்னு துல்லியமா எண்ணத் தெரிஞ்ச காலத்துலயும், பாட்டு யாரோடதுன்னு இன்னும் சண்டைதான்.

ஈழத் தமிழ் அப்பா அம்மாவுக்கு லண்டன்ல பொறந்த எம்.ஐ.ஏ இந்த விஷயத்துல கெட்டிக்காரி. 2005ல முதல் ஆல்பத்துக்கு அப்பா பேரு, 'அருளர்'. 2007ல ரெண்டாவதுக்கு அம்மா பேரு, 'கலா'. கொஞ்சம் சென்னையில பதிவு பண்ண ஆல்பம் அது. அதுல இருந்த 'பேப்பர் பிளேன்ஸ்' 2008ல பில்போர்டுல 4வது இடம். யாரும் பறிக்க முடியாத மாதிரி அட்டையிலேயே பேரை எழுதிட்டாங்க.

இதையெல்லாம் போன ஞாயித்துக்கிழமை மாமாகிட்ட சொன்னேன். பேசுற பாட்டு பாட்டு இல்லைன்னா, ராயக்கோட்டை பக்கம் ஆயா பாடினது என்ன மாமான்னு கேட்டேன். ஆயான்னா மாமாவோட அம்மா. நடவுக்கும் பாடுவாங்க, எழவு வீட்டுக்கும் கூப்பிட்டுப் போவாங்க. செத்தவரோட கதையை அங்கேயே உட்கார்ந்து கட்டி, பாதி பேச்சு பாதி பாட்டா, கேக்குறவன் அழுவுற மாதிரி.

மாமா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஒரு மெட்டை முனகினார். ரெண்டு வரி வந்துச்சு. மூணாவது வரியில நின்னுட்டார். "அதுக்கப்புறம் என்னமோ வரும் மாப்ளே... மறந்து போச்சு."

ஆயா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். எங்க யாருகிட்டயும் ஒரு பதிவும் இல்ல. அப்ப என் கையிலேயே நல்ல செல்போன் இருந்துச்சு. அதுல ராப் கேட்டுகிட்டு இருந்தேன்.

மாமா பையன் அந்த ரெண்டு வரியை மட்டும் போன்ல பிடிச்சு வச்சிருக்கான். ஃபைலுக்கு ஆயா பேரையே வைக்கச் சொன்னேன், முழுப் பேரை.

டிஸ்கி: உங்க வீட்டுல பாடத் தெரிஞ்ச பெருசுங்க இருந்தா, இந்தப் பதிவுக்கு பின்னூட்டம் போடுறதுக்கு முன்னாடி போயி ரெக்கார்டு பண்ணுங்க. கும்மி அப்புறம் அடிக்கலாம்.