முன்னால் நிற்பவன்: ஒரு வாள்வீரனின் 50 வருடக் கணக்கு

வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால், உங்கள் சோபா இடுக்கில் 20 முகப் பகடை ஒன்று கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பில் நான்கு தமிழ்க் குடும்பங்கள். நான்கு வீட்டிலும் கிடைக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் டன்ஜன் மாஸ்டராக உட்கார்ந்து கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு குகைக்குள் போவார்கள். அடி விழுந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். எல்லோரும் ஒரே கட்சி. எதிரே யாரும் விளையாடுவதில்லை. நம்மூர் பரமபதம், தாயக்கட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு முதலில் இதுதான் பிடிபடாது.

புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அங்கிள், சண்டையில யாரும் அடிச்சுக்க முடியாத ஆளை எப்படிச் செய்யறது?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அப்படி ஒருவன் வந்துவிட்டால் மேசையில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியோடு இந்த விளையாட்டு 1974 முதல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் பதில் பாதி கிடைத்துவிடும்.

உண்மையில் கதை அதற்கும் மூன்று வருடம் முன்னால் தொடங்குகிறது. 1971இல் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்று ஒரு போர் விளையாட்டு விதிப் புத்தகம் போட்டார்கள். பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி மோதும் விளையாட்டு. அதன் பின்பகுதியில் மாயாஜாலப் போருக்கு என்று சில பக்கங்கள். அதில் 'ஹீரோ' என்ற ஒற்றைப் பொம்மைக்கு நான்கு ஆள் பலம், 'சூப்பர் ஹீரோ'வுக்கு எட்டு ஆள் பலம். நான்கு பேர் ஒரே நேரத்தில் வெட்டினால்தான் ஹீரோ சாவான். அங்கே பலசாலி இருப்பதில் யாருக்கும் குறையில்லை. பொம்மைகள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதே.

கைகாக்ஸும் மினசோட்டாவின் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974இல் மூன்று சின்னப் புத்தகங்களாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோதுதான் ஒவ்வொரு பொம்மைக்குப் பின்னாலும் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். மூன்றே வகைப் பாத்திரங்கள்: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. முதல் நிலை மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். அது தீர்ந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். எனவே சண்டைக்காரன் பலசாலியாக இருந்தது மற்றவர்களுக்கும் தேவையாக இருந்தது. பழைய வரைபடங்களில் நடைபாதை பெரும்பாலும் 10 அடி அகலம். கவசம் போட்ட இரண்டு மூன்று பேர் நின்றால் வழி அடைபடும். பின்னால் மந்திரவாதி உயிரோடு இருப்பான். சண்டைக்காரன் ஒரு கதவு மாதிரி. கதவு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வீட்டில் இருப்பவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அன்று நிலை உயர்வதற்கான அனுபவப் புள்ளிகளில் பெரும்பங்கு புதையலிலிருந்து வந்தது. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. குறிப்பாக 1975இல் 'கிரேஹாக்' துணைப் புத்தகம் அரக்கர்களைக் கொல்வதற்கான புள்ளிகளை வெகுவாகக் குறைத்துவிட்டது. அரக்கனை யார் கொன்றார்கள் என்பதைவிட மூட்டை வெளியே வந்து சேர்ந்ததா என்பதுதான் முக்கியம். பங்கு எல்லோருக்கும்.

1985இல் காற்று திசை மாறுகிறது. வெளியீட்டாளரான டி.எஸ்.ஆர். கம்பெனி பணக் கஷ்டத்தில் இருந்த வருடம். கைகாக்ஸின் 'அன்எர்த்ட் ஆர்கானா' வந்து சக்கைப்போடு போட்டது. அதில் சண்டைக்காரன் ஒரே ஆயுதத்தில் தேர்ச்சி எடுக்கலாம். அடி படுவதற்கும் சேதத்துக்கும் கூடுதல் புள்ளிகள், முதல் நிலையிலேயே இரண்டு சுற்றுக்கு மூன்று அடி. கூடவே இரண்டு புதிய பாத்திரங்கள். 'பார்பேரியன்' அசகாய சூரன். ஆனால் தொடக்க நிலைகளில் மந்திரவாதியோடு சேர்ந்து பயணமே செய்ய மாட்டான். மந்திரப் பொருட்களை உடைத்தால் அவனுக்கு அனுபவப் புள்ளி! கூட்டாளியின் சொத்தை நொறுக்கினால் இவனுக்குப் பதவி உயர்வு. 'கேவலியர்' என்ற குதிரை வீரனோ, எதிரியைக் கண்டால் யார் திட்டத்தையும் கேட்காமல் பாய வேண்டும் என்பது விதி. ஐந்து பேர் விளையாட்டில் நான்கு பேரைக் கடுப்பேற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை :-)

1989இல் வந்த இரண்டாம் பதிப்பு இன்னொரு காரியம் செய்தது. காசுக்குப் புள்ளி என்பது விருப்ப விதியாகப் பின்னால் போனது. அதோடு, வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தனிநபர் பரிசுகள் வந்தன. வீழ்த்திய எதிரிக்குச் சண்டைக்காரனுக்குத் தனிப் புள்ளி, மந்திரம் போட்டதற்கு மந்திரவாதிக்குத் தனிப் புள்ளி, காசு சம்பாதித்ததற்குத் திருடனுக்குத் தனிப் புள்ளி. ஐ.டி. கம்பெனியில் அப்ரைசல் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கூடி இழுத்த தேரில் யார் பெயருக்கு எத்தனை அடி என்று அளந்து எழுதுகிற வேலை. என் பார்வையில் வாள்வீரனைக் கெடுத்தது கூடுதல் பலம் அல்ல, இந்தத் தனிக் கணக்குதான்.

2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது புள்ளி மறுபடி சமமாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் 'ஃபீட்' என்ற தனித் திறமைகளை அடுக்கி ஆளைக் கட்டும் வித்தை வளர்ந்தது. முள் சங்கிலி ஒன்று இருந்தது. பக்கத்திலும் அடிக்கும், 10 அடி தள்ளியும் அடிக்கும். அதோடு காலை வாரிவிடும் திறமையைச் சேர்த்தால், வருகிறவனை விழுத்தாட்டி, விழுந்தவனை அடித்து, எழுந்தால் மறுபடி அடிக்கலாம். 2003இல் 'கம்ப்ளீட் வாரியர்' புத்தகத்தின் 'ஷாக் ட்ரூப்பர்' வந்தபின், பாய்ந்து ஒரே மூச்சில் எதையும் கொல்லும் ஆட்களைக் கட்டினார்கள். (உயர்ந்த நிலைகளில் மந்திரவாதி இவர்களையும் தூக்கிச் சாப்பிட்டான் என்பது வேறு வயிற்றெரிச்சல்.)

இதனால் என்ன ஆகும் என்பதை நான் எங்கள் கிளப் ஹவுஸ் மேசையிலேயே பார்த்தேன். இப்போது பிள்ளைகள் ஆடுவது ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஒரு பையன் 'கிரேட் வெப்பன் மாஸ்டர்' திறமையோடு பெரிய இரட்டைக்கை வாள் எடுத்து வந்தான். குறி வைப்பதில் 5 குறைத்துக்கொண்டால் சேதத்தில் 10 கூடும். ஐந்தாம் நிலையில் ஒரு அடிக்குச் சராசரி 21. இரண்டு அடியும் பட்டால் 42. அதே நிலையில் திருடன் பாத்திரம் ஆடிய பெண்ணுக்கு எல்லாம் கூடி வந்தால் 18. மூன்றாவது சனிக்கிழமை அவள் தன் முறை வருவதற்குள் சண்டை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் "டியூஷன் இருக்கு" என்றாள். பள்ளியில் இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று பேசும் இந்த நான்கு பிள்ளைகளும் வாரத்தில் மூன்று மணி நேரம் தங்களுக்குள் தமிழில் பேசுவது அந்த மேசையில் மட்டும்தான். ஒருத்தி எழுந்து போனால் கூடவே எது எழுந்து போகும் என்று எங்கள் நான்கு வீட்டுக்கும் தெரியும்.

பையன் மேல் தப்பு இல்லை. விதிப் புத்தகம் கொடுத்ததைத்தான் எடுத்தான். "உன் ஆளைப் பலவீனமாக்கு" என்று அவனிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தெரு கிரிக்கெட்டில் நன்றாக ஆடுகிறவனை இடது கையில் பேட் பிடிக்கச் சொல்வது போல அது. வேறு வழி சரித்திரத்திலேயே இருக்கிறது.

2006இல் வந்த 'டோம் ஆஃப் பேட்டில்' புத்தகத்தின் வெள்ளைக் காக்கைப் பள்ளி, வாள்வீரன் தன் வித்தையால் கூட்டாளிக்குக் கூடுதலாக ஒரு முறை வாங்கித் தரலாம் என்றது. 2008இன் நான்காம் பதிப்பு சண்டைக்காரனை 'டிஃபெண்டர்' என்றே அழைத்தது. அவன் குறித்துவைத்த எதிரி வேறு யாரையாவது தாக்கினால் 2 புள்ளி நஷ்டம். அந்தப் பதிப்பைத் திட்டாத ரசிகர் குறைவு. ஆனால் கதவு வேலையை மீண்டும் எழுத்தில் கொண்டுவந்தது அதுதான் என்பேன்.

இந்த இரண்டு யோசனைகளும் 2014 புத்தகத்திலேயே இருக்கின்றன. பையனும் நானும் உட்கார்ந்து கட்டிய ஆள் இப்படி. நீள வாள், கேடயம். 'புரொடெக்‌ஷன்' பாணி: பக்கத்தில் நிற்கும் நண்பனை எதிரி குறிவைத்தால் கேடயத்தை நீட்டி அந்த அடியைக் கெடுக்கலாம். மூன்றாம் நிலையில் 'பேட்டில் மாஸ்டர்'. நான்காம் நிலையில் 'சென்டினல்': இவன் பக்கத்தில் நின்றுகொண்டு எதிரி வேறொருவரைத் தாக்கினால் இவன் வெட்டலாம்.

பையன் முகம் சுருங்கியது. "அப்ப என் டேமேஜ்?" பேப்பரில் கணக்குப் போட்டோம். இவன் ஒரு அடி சராசரி 8.5. பேட்டில் மாஸ்டரின் 'கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்' வித்தையில் அந்த அடியையும் அந்தச் சுற்றின் போனஸ் செயலையும் விட்டுக்கொடுத்தால், கூட்டாளி உடனே ஒரு அடி அடிக்கலாம். திருடனின் மறைவடி சுற்றுக்கு ஒருமுறை அல்ல, ஒவ்வொருவர் முறைக்கும் ஒருமுறை. அதற்கு வேண்டியது எதிரியை ஒட்டி ஒரு நண்பன் நிற்பது. நிற்பதுதான் இவன் வேலையே! ஆக அவளுடைய 18, இவன் தரும் எட்டு முகப் பகடையின் 4.5. மொத்தம் 22.5. எட்டரையைக் கொடுத்து இருபத்திரண்டரை வாங்குகிறான். அடுத்த ஓய்வுக்குள் இப்படி நான்கு முறை செய்யலாம். பையன் பேனாவை வாங்கித் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தான்.

2024இல் திருத்திய விதிகளில் அந்தப் பழைய 5-க்கு-10 பேரம் போய்விட்டது. இப்போது கிரேட் வெப்பன் மாஸ்டருக்கு ஐந்தாம் நிலையில் அடிக்கு 3தான் கூடுகிறது. நீள வாளுக்கு 'சாப்' என்ற குணம் வந்திருக்கிறது. அடி வாங்கிய எதிரியின் அடுத்த தாக்குதல், அது யார் மேல் என்றாலும், தடுமாறும். போர்க்கோடரிக்கு 'டாப்பிள்': ஆளைக் கீழே தள்ளலாம். அதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. விழுந்து கிடப்பவனைப் பக்கத்தில் இருப்பவர் வெட்டுவது சுலபம், தூரத்திலிருந்து அம்பு விடுபவருக்குக் கஷ்டம். அடுத்த முறை வில்லாளியுடையது என்றால் தள்ளுவதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.