அசைவும் உணர்ச்சியும்: காண்டின்ஸ்கியின் ‘கம்போசிஷன் 7’ – ஒரு வரலாற்று நோக்கு

அருவ ஓவியம் என்றவுடன், ஓவியன் உணர்ச்சி மேலீட்டால் கைபோன போக்கில் வண்ணங்களைச் சிதறியது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை, வசிலி காண்டின்ஸ்கி 1913ஆம் ஆண்டில் தீட்டிய ‘கம்போசிஷன் 7’ என்னும் ஓவியத்தின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1866ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்த காண்டின்ஸ்கி சட்டமும் பொருளியலும் பயின்றவர். 1896இல், தம் முப்பதாம் வயதில், கல்வித்துறைப் பணியைத் துறந்து ஓவியம் கற்க மியூனிக் நகர் சென்றார். 1911 சனவரியில் அந்நகரில் ஷோன்பெர்க்கின் இசை நிகழ்ச்சியைக் கேட்டார். அவ்வனுபவமே மஞ்சள் நிறம் பெருகியோடும் ‘இம்ப்ரெஷன் 3’ என்னும் ஓவியமாயிற்று. புறப்பொருளைக் காட்டாமலேயே இசை உள்ளத்தை அசைக்க வல்லதாயின், வண்ணத்திற்கும் கோட்டிற்கும் அவ்வாற்றல் ஏன் இருத்தலாகாது என்பதே அவரது வினா.

‘கம்போசிஷன் 7’ சுமார் 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட எண்ணெய் வண்ண ஓவியம். நடுவில் ஒரு சுழல். அதனைச் சூழ்ந்து வண்ணங்கள் மோதியும் விலகியும் விரைகின்றன. இக்கித்தான் 1913 நவம்பர் 25 முதல் 28 வரையிலான நான்கே நாள்களில் தீட்டப்பெற்றது. உடனிருந்த ஓவியர் கேப்ரியேல் மியுண்டர் அதன் வளர்நிலைகளைப் புகைப்படங்களாகப் பதிவு செய்துள்ளார்.

நான்கு நாள் என்பதை மட்டும் நோக்குவோர் இதனைத் திடீர் எழுச்சியின் விளைவு என்று முடிவு கட்டக்கூடும். ஆயின், இவ்வோவியத்திற்காக அவர் முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகளை உருவாக்கியிருந்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தம் நூலில் காண்டின்ஸ்கியே ஓவியங்களை மூவகைப்படுத்தியுள்ளார். புறவுலகின் பதிவு ஒன்று. அகத்தில் திடீரெனத் தோன்றுவது மற்றொன்று. நெடிது உருப்பெற்று, மீண்டும் மீண்டும் சோதிக்கப்படுவது மூன்றாவது. இம்மூன்றாம் வகைக்கே அவர் ‘கம்போசிஷன்’ எனப் பெயரிட்டார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டதால், ரஷ்யக் குடிமகனான அவர் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. எனவே இவ்வோவியத்தைப் போரின் முன்னறிவிப்பு என்பாரும் உளர். எனினும், ஊழிவெள்ளம், இறுதித் தீர்ப்பு, உயிர்த்தெழுதல் ஆகிய கருக்கள் 1911 முதலே அவர் படைப்புகளில் இடம்பெற்றுள்ளன. இவ்வோவியத்தின் இடப்புறக் கீழ்மூலையிலும் துடுப்புகளோடு கூடிய படகின் சாயலை ஆய்வாளர் இனங்காண்கின்றனர். பின்னிகழ்வைக் கொண்டு முன்னைய படைப்பிற்குப் பொருள் உரைப்பதில் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

காண்டின்ஸ்கியின் கலை இந்தியாவிற்கும் முற்றிலும் அயலானதன்று. 1922 டிசம்பரில் கல்கத்தாவில், இந்தியக் கீழைக்கலைக் கழகம் நடத்திய கண்காட்சியில் பௌஹவுஸ் கலைஞர்களின் ஆக்கங்கள் இடம்பெற்றன. ஸ்டெல்லா கிராம்ரிஷின் முயற்சியால் அமைந்த அக்கண்காட்சியில் காண்டின்ஸ்கியின் படைப்புகளும் ககனேந்திரநாத் தாகூரின் ஓவியங்களும் ஒரே இடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

மேற்கண்டவற்றை நோக்குங்கால், உணர்ச்சியும் உழைப்பும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது புலனாகும். உணர்ச்சி விதையாகலாம், அதனை வடிவமாக்கியது முன்வரைவுகளின் பயிற்சியே. இலக்கியம் கற்பிக்கும் நமக்கு இவ்வுண்மை புதிதன்று. கவிதையில் நாம் ஏற்கும் இதனை அருவ ஓவியத்திற்கு மறுப்பது முறையாகாது. தற்போது மாஸ்கோவின் திரெத்தியாகோவ் காட்சியகத் தொகுப்பில் உள்ள இவ்வோவியம், விரைந்து தீர்ப்புரைக்கும் முன் சான்றுகளை நாடுக என்று நமக்கு உணர்த்துகின்றது எனலாம்.